இன்பநாதன் ஒட்டிய கண்

பூனைக்கண் உள்ளவர்களுக்கெல்லாம் புற்றுநோய் வருமாம். எங்கள் குடியிருப்பின் லிஃப்டில் வைத்து ஸ்ரீரஞ்சனி இதைச் சொன்னார். அவருக்கு யோகா வகுப்பில் ஒருவர் சொன்னாராம். அந்த ஒருவருக்கு இட்லி மாவு விற்கிற கடையில் சொன்னார்களாம். மாவுக் கடைக்காரர் மட்டும் யாரும் சொல்லிக் கேட்கவில்லை, தமிழில் அச்சடித்த தாளிலேயே பார்த்தாராம்.

"அச்சுல வந்துருக்குன்னா சும்மாவா இருக்கும்?" என்று கேட்டுவிட்டு அவர் நான்காவது மாடியில் இறங்கிப் போனார். நான் ஏழாவது மாடிவரை லிஃப்ட் கண்ணாடியில் என் கண்களைப் பார்த்துக்கொண்டே போனேன். கறுப்புதான். இருந்தாலும் வீட்டுக்குள் போய் ஜன்னல் வெளிச்சத்தில் இன்னொரு முறை பார்த்தேன்.

எங்கள் ஊரான கோயம்புத்தூரில் இந்த வதந்தியால் பெரிய சேதம் வராது. அங்கே தெருவுக்கு ஒருவர் பூனைக்கண்ணோடு இருந்தாலே அதிகம். இப்போது இருக்கிற புனேயில் அப்படியில்லை. பழைய பேட்டைத் தெருக்களில் பத்துப் பேர் நின்றால் இரண்டு பேருக்குப் பச்சையோ சாம்பலோ தேன் நிறமோ கண்ணில் கலந்திருக்கும். மராத்தியில் காரே டோளே என்பார்கள். பெண் பார்க்கும் இடத்தில் அதற்குத் தனி மதிப்பெண்.

ஆனால் என்னை உறுத்தியது கண் இல்லை, அந்த அச்சடித்த தாள். புனேயின் வடபக்கத்தில் தமிழ் எழுத்து அச்சாக வேண்டுமென்றால் எனக்குத் தெரிந்து ஒரே இடம்தான் உண்டு. கட்கி பஜாரில் இன்பநாதனின் போட்டோ ஸ்டூடியோ. அங்கே தமிழில் எது அச்சானாலும் அதற்குப் பிழை திருத்துகிறவன் நான்.

இன்பநாதனுக்கு அறுபத்திரண்டு வயது. அவருடைய தாத்தா திருநெல்வேலிச் சீமை நாசரேத் பக்கத்திலிருந்து கட்கிக்கு வெடிமருந்துத் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். அப்பாவுக்கும் அதே தொழிற்சாலை. இன்பநாதனுக்குச் சின்ன வயதிலிருந்தே சத்தம் ஆகாது. "வெளிச்சம் வரட்டும், சத்தம் மட்டும் வேண்டாம்னுதான் ஃப்ளாஷ் பக்கம் வந்துட்டேன்" என்பார். வீட்டில் தமிழ், கடையில் மராத்தி, கோபம் வந்தால் ஹிந்தி. எல்லோருக்கும் அவர் அண்ணா. அவரைவிட மூத்தவர்களுக்கும் அண்ணாதான்.

அவர் போகிற கிறிஸ்தவ ஆலயத்தின் வார அறிக்கை, கல்யாணப் பத்திரிகை, அடக்க ஆராதனை அறிவிப்பு எல்லாம் அவருடைய கம்ப்யூட்டரில்தான் உருவாகும். ஒருமுறை அடக்க அறிவிப்பின் மேலேயே ஒரு கல்யாணப் பத்திரிகையை அடித்துவிட்டார். எல்லாம் சரியாக வந்திருந்தது, அடியில் 'மலர்வளையங்களைத் தவிர்க்கவும்' என்ற ஒரு வரி மட்டும் தங்கிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் அதைத் தங்கள் சிக்கன குணத்தின் மேல் விழுந்த அடியாக எடுத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகுதான், ஆதார் அட்டைக்குப் படம் எடுக்க அங்கே போயிருந்த என்னை, தமிழில் படித்தவன் என்று தெரிந்ததும் பிடித்து உட்கார வைத்தார். ஒன்பது வருடமாக உட்கார்ந்திருக்கிறேன்.

ஆனால் அச்சு அவருடைய உபதொழில்தான். தொழில், பள்ளிக்கூட அடையாள அட்டைப் படம். தாபோடி, சாங்வி, ஆகுர்டி என்று நாற்பது பால்வாடிகளும் பள்ளிகளும் அவர் கையில். மூன்று வயதுப் பிள்ளையை கேமராவைப் பார்க்க வைப்பது எவ்வளவு கஷ்டம் என்று எடுத்தவர்களுக்குத்தான் தெரியும். கிலுகிலுப்பை, பொம்மை, சாக்லேட் எல்லாம் தோற்ற இடத்தில் இன்பநாதன் ஒரு வித்தை வைத்திருந்தார். வாயாலேயே குக்கர் விசில் அடிப்பார். முதல் விசிலுக்குப் பிள்ளை அழுகையை நிறுத்தும். இரண்டாவதுக்குச் சமையலறை எங்கே என்று தேடும். மூன்றாவதுக்கு நேராக அவரைப் பார்க்கும். அந்த நொடியில் ஃப்ளாஷ்.

இன்னொரு வித்தையும் இருந்தது. அதைச் சொல்லாமல் இந்தக் கதை நகராது.

ஃப்ளாஷில் சில படங்களில் கண்மணி சிவப்பாக விழும். அதை மாற்ற கம்ப்யூட்டரில் ஒரு பொத்தான் இருக்கிறது. சில படங்களில் வெள்ளையாக விழும். அதற்குப் பொத்தான் பத்தாது, கறுப்பாக ஒரு நல்ல கண்மணியை எடுத்து மேலே ஒட்ட வேண்டும். யாருடைய கண்ணை ஒட்டுவது? தன் மகன் ஜெரோஷுக்கு நான்கு வயதில் எடுத்த படத்திலிருந்து இடது கண்மணியை வெட்டித் தனிக் கோப்பாக வைத்திருந்தார் இன்பநாதன். கறுகறுவென்று, நடுவில் சின்ன வெளிச்சப் புள்ளியோடு, குறையே சொல்ல முடியாத கண். பத்துப் பதினைந்து வருடமாகத் தாபோடியிலிருந்து ஆகுர்டி வரை வெள்ளை விழுந்த பிள்ளைகளுக்கெல்லாம் ஜெரோஷின் கண்தான். ஒட்டிய படத்தின் பெயரோடு மறக்காமல் ஒரு 'ஜே' சேர்த்துவிடுவார்.

ஜெரோஷுக்கு இப்போது இருபத்தாறு வயது. ஹடப்சரில் ஒரு கம்பெனியில் வேலை தேடி, கிடைத்து, விட்டு, மறுபடி தேடிக்கொண்டிருக்கிறான். "என் கண்ணுக்கு நாப்பது ஸ்கூல்ல நௌகரி இருக்கு, எனக்குத்தான் இல்ல" என்பான்.

இனி அந்தத் தாளுக்கு வருகிறேன்.

இன்பநாதனின் ஆலயத்தைச் சேர்ந்த கெசியா, நகரத்து மருத்துவமனை ஒன்றில் குழந்தைகள் புற்றுநோய்ப் பிரிவில் நர்ஸ். குழந்தைகளைப் பெற்றோர் மிகத் தாமதமாகக் கொண்டுவருகிறார்கள் என்பது அவளுடைய தீராத ஆற்றாமை. என்னென்ன அறிகுறி தெரிந்தால் உடனே காட்ட வேண்டும் என்று மராத்தியிலும் ஹிந்தியிலும் தாள் வந்துவிட்டது, தமிழில் வரவில்லை. அவளே உட்கார்ந்து ஒரு முழுப் பக்கத்துக்கு எழுதி, அறுவடைக்கு நன்றி சொல்ல ஆலயத்தில் நடத்தும் அறுப்பின் பண்டிகை நோட்டீஸோடு சேர்த்து அச்சடித்துத் தரும்படி இன்பநாதனிடம் கொடுத்தாள். பண்டிகை நோட்டீஸின் முன்பக்கம் ஏல நிகழ்ச்சி, பூசணிக்காய், பிரியாணிச் சீட்டு என்று நிறைந்துவிட்டது. பின்பக்கத்தில் உபயகாரர் பெயர்கள். மிஞ்சியது உள்ளங்கை அகலம்.

கெசியா எழுதியது இது: 'குழந்தையின் கண்மணி, இருட்டில் பூனையின் கண் மின்னுவதுபோல வெள்ளையாக மின்னினால், அல்லது ஃப்ளாஷ் படத்தில் ஒரு கண்ணில் மட்டும் வெள்ளை தெரிந்தால், அது சில சமயம் கண்ணில் வரும் புற்றுநோயின் அடையாளமாக இருக்கலாம். சீக்கிரம் கண்டுபிடித்தால் பெரும்பாலும் குணப்படுத்திவிடலாம்.'

இன்பநாதன் அடித்தது இது: 'பூனைக்கண் புற்றுநோயாக இருக்கலாம்.'

நான் பிழை திருத்தினேன். 'பூனைக்கண்' என்பதில் ஒற்று மிகுந்திருக்கிறதா என்று பார்த்தேன். மிகுந்திருந்தது. சரி என்று கையெழுத்துப் போட்டேன்.

லிஃப்ட் செய்தியைச் சொல்ல நான் ஸ்டூடியோவுக்குப் போன சனிக்கிழமை, எனக்கு முன்னாலேயே அங்கே அலினா வந்து நின்றிருந்தாள். அவளும் அதே ஆலயம். அடுத்த மாதம் அவளுக்கும் கிரேக் என்ற பையனுக்கும் நிச்சயதார்த்தம். அலினாவின் கண் நல்ல தேன் நிறம். போன வருடம் கிரேக்கின் அம்மா அந்தக் கண்ணைப் பார்த்துத்தான் பெண் கேட்டார். இந்த வருடம் அதே கண்ணுக்கு டாக்டர் சான்றிதழ் கேட்கிறாராம்.

"அங்கிள், எனக்கு கேன்சர்னு நீங்கதான் அச்சடிச்சிருக்கீங்களாமே" என்றாள் அலினா.

"உனக்குன்னு போடலையே" என்றார் இன்பநாதன். "பொதுவாத்தானே போட்டிருக்கு."

உள்ளிருந்து அவர் மனைவி ஜோஸ்பின் வந்தார். முப்பத்திமூன்று வருடம் பள்ளியில் சமூக அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவர். கணவரின் விடைத்தாளை இன்னும் திருத்திக்கொண்டிருப்பவர். நோட்டீஸை வாங்கி, தமிழை எழுத்துக்கூட்டி வாசித்து முடித்தார்.

"ஏங்க, பிரியாணிக்கு நாலு வரி விட்டிருக்கீங்க, நோய்க்கு மூணு வார்த்தையா?"

"பிரியாணிக்குத்தான் ஃபோன் நம்பர் வேணும்லா" என்றார் இன்பநாதன். அதற்கு மேல் வாதாடவில்லை. அலினாவுக்கு நிச்சயதார்த்தப் படம் முழுவதும் தன் அன்பளிப்பு என்று அறிவித்தார். அவள் அதற்கும் அசையாமல், அடுத்த ஞாயிறு மறுப்பு அச்சடிக்க வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் போனாள்.

அவள் படி இறங்கவும் கெசியா படியேறவும் சரியாக இருந்தது. வார்டில் ராத்திரி வேலை முடித்து நேராக வந்திருந்தாள். கோபத்தில் உட்காரவில்லை. இரண்டு வாரத்தில் பதினேழு பூனைக்கண்காரர்கள் மருத்துவமனைக்கு ஃபோன் பண்ணியிருக்கிறார்களாம். அதில் ஒருவருக்கு வயது எழுபத்தொன்று. இந்த நோய் அநேகமாக ஐந்து வயதுக்குள்ளே வருவது என்று சொன்னதற்கு, 'அப்போ நான் தப்பிச்சுட்டேனா' என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார்.

"கண்ணோட நிறம் இல்ல அங்கிள், கண்மணிக்குள்ள தெரியுற வெள்ளை. இத பாருங்க" என்று தன் ஃபோனை அவர் முன்னால் நீட்டினாள். பாடத்துக்காக வைத்திருந்த படம். ஒரு குழந்தை சிரிக்கிறது. ஒரு கண்மணி சாதாரணமாக இருக்கிறது, மற்றது சுண்ணாம்பு வைத்ததுபோல வெளுத்திருக்கிறது.

இன்பநாதன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். முகத்தில் நிம்மதி வந்தது.

"ஏம்மா, இதுக்குத்தானா இவ்வளவு சத்தம்? இது நோயில்ல. ஃப்ளாஷ். பால்வாடி சீசன்ல இத நான் ஒரு நாளைக்கு நாலு எடுப்பேன்."

"எடுப்பேன்னா?"

"எடுத்துருவேன். தொடச்சுருவேன். இங்க வா, காட்டுதேன்."

பெருமையோடு கம்ப்யூட்டரைத் திருப்பினார். ஏதோ ஒரு பள்ளிப் பிள்ளையின் படத்தைத் திறந்தார். கண்ணில் வெள்ளை. ஜெரோஷின் கண் கோப்பைத் திறந்தார். வெட்டினார், ஒட்டினார், ஓரத்தை மெழுகினார். அரை நிமிடம்கூட ஆகவில்லை. பிள்ளை கறுகறுவென்று எங்களைப் பார்த்தது.

"தெரியுதா?" என்று கேட்டார்.

கெசியா தன் ஃபோனைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தாள். ஜோஸ்பின் கணவரைத் திருத்தாமல் நிற்பதை நான் ஒன்பது வருடத்தில் அன்றுதான் பார்த்தேன். தெருவில் ஒரு ஆட்டோ ரிவர்ஸ் எடுத்துக்கொண்டே இருந்தது. இன்பநாதன் எங்கள் மூவரையும் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடி கெசியாவின் ஃபோனைப் பார்த்தார். கையிலிருந்த மௌஸை, அது சுடுவதுபோல மேசையில் வைத்தார்.

கெசியா கடைசியில் உட்கார்ந்தாள். அவரைத் திட்டத்தான் வந்திருந்தாள், ஆனால் அதற்குப் பிறகு அவள் குரல் மாறிவிட்டது. வெள்ளை விழுந்ததெல்லாம் புற்றுநோய் இல்லை என்றாள். கேமரா ஒரு கோணத்தில் நின்றால் நல்ல கண்ணிலும் அப்படி விழும், மாறுகண்ணாலும் விழும், புரையாலும் விழும். ஆனால் ஒரே பிள்ளைக்கு, ஒரே கண்ணில், திரும்பத் திரும்ப விழுந்தால் டாக்டர் பார்த்தே ஆக வேண்டும். சீக்கிரம் பார்த்தால் உயிரோடு பல சமயம் கண்ணையும் காப்பாற்றிவிடலாம். தள்ளிப்போனால் கண்ணை எடுக்க வேண்டிவரும், அதையும் தாண்டினால் உயிருக்கே ஆபத்து.

"எங்ககிட்ட வர்ற ஒவ்வொரு கேஸ்லயும் முதல்ல பார்த்தது அம்மாதான் அங்கிள். அம்மா பார்த்திருப்பாங்க. ஒண்ணுமில்லன்னு சொன்னது வேற யாராவதா இருக்கும்."

ஒண்ணுமில்லை என்பது மராத்தியில் 'காஹி நாய்'. கடைக்கு வந்து ஏதாவது கேட்கிற தாய்மார்களுக்கெல்லாம் இன்பநாதன் சொல்கிற வாசகம் ஒன்று உண்டு. 'காஹி நாய் தாய், ஃப்ளாஷ் ஆஹே.' ஒண்ணுமில்லம்மா, ஃப்ளாஷ்தான். அவர் அந்த வாசகத்தைச் சொல்லாத நாளை நான் பார்த்ததில்லை.

திருத்தாத மூலப் படங்களை அவர் ஒன்றைக்கூட அழித்ததில்லை. அதற்குக் காரணமும் ஜெரோஷின் கண்தான். முன்பு ஒரு தாய் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, 'இது என் பிள்ளையே இல்லை' என்று கடை வாசலில் நின்று சண்டை போட்டிருக்கிறார். தாய் சொன்னதில் பாதி உண்மை. அன்றிலிருந்து அத்தாட்சிக்காக எல்லாவற்றையும் சேர்த்து வைத்தார். ஒரு பிஸ்கட் டின்னுக்குள் நான்கு ஹார்டு டிஸ்க். மேலே ஜோஸ்பினின் கையெழுத்தில் 'குப்பை' என்று எழுதி ஒட்டியிருந்தது.

ஹடப்சரில் நான் பார்ப்பது மென்பொருளில் தப்பு கண்டுபிடிக்கிற வேலை. அன்றைக்குத்தான் அது யாருக்காவது உபயோகப்பட்டது. பெயரில் 'ஜே' உள்ள படங்களை மட்டும் தேடி எடுக்கச் சொன்னேன். ஐந்து வருடத்துக்கு அறுநூற்றுப் பன்னிரண்டு வந்தது. ஜெரோஷ் எட்டிப் பார்த்தான்.

"பப்பா, சிக்ஸ் ஹண்ட்ரட் பசங்களுக்கா? எனக்கு ராயல்டி மாங்த்தா."

"போய் டீ வாங்கிட்டு வால" என்றார் இன்பநாதன். திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

இரண்டு சனி, ஞாயிறு பிடித்தது. இரண்டு கண்ணிலும் வெள்ளை விழுந்ததைக் கெசியா தன் டாக்டர்களிடம் காட்டத் தனியாக எடுத்துக்கொண்டாள். ஒரு தடவை மட்டும் விழுந்தவர்களுக்குத் தனிப் பட்டியல் போட்டாள், அவர்களுக்கும் சொல்ல வேண்டும், ஆனால் அடுத்த கட்டமாக. ஒரே கண்ணில் இரண்டு தடவைக்கு மேல் விழுந்த, இன்னும் ஆறு வயது தாண்டாத பிள்ளைகள் என்று வடிகட்டியபோது பதினோரு பேர் நின்றார்கள். இன்பநாதன் அந்தப் பதினோரு பேரின் படங்களிலிருந்தும் ஜெரோஷின் கண்ணை எடுத்துவிட்டு, மூலப் படங்களைப் பிரிண்ட் போட்டு மேசையில் வரிசையாக வைத்தார். நாங்கள் யாரும் அந்த மேசையில் டீ டம்ளரை வைக்கவில்லை.

அழைப்பது தன் பொறுப்பு என்றார் இன்பநாதன். படம் எடுத்தவன் சொன்னால்தான் நம்புவார்களாம். ஃபோனில் புற்றுநோய் என்ற சொல்லையே எடுக்கக் கூடாது, கண்ணை ஒருமுறை டாக்டரிடம் காட்ட வேண்டும், கெசியா சிஸ்டர் கூடவே இருப்பாள், தள்ளிப்போடக் கூடாது, அவ்வளவுதான் சொல்ல வேண்டும் என்று கெசியா மூன்று தடவை சொல்லிக்கொடுத்தாள்.

முதல் அழைப்பில் ஒரு அப்பா, உங்கள் பிள்ளையின் கண் என்று அவர் ஆரம்பித்ததுமே, வங்கிக் கணக்கு எண் எதுவும் தர முடியாது என்று சொல்லி வைத்துவிட்டார். இரண்டாவது ஆள் இவரைத் தேர்தலுக்கு நிற்கிறவர் என்று நினைத்து, முதலில் சாக்கடையைச் சரி பண்ணச் சொன்னார். மற்றவர்கள் மரியாதையாகப் பேசினார்கள், தீபாவளி முடிந்ததும் காட்டுவதாகச் சொன்னார்கள். ஒரு தாய், மறுபடி படம் எடுத்தால் இலவசமா என்று விசாரித்தார். ஒரு வாரம் ஆகியும் ஒருவர்கூட மருத்துவமனைப் பக்கம் வரவில்லை.

ஏன் வரவில்லை என்று ஜோஸ்பின்தான் கண்டுபிடித்தார். அடுத்த அறையில் கீரை ஆய்ந்துகொண்டே, கணவர் ஃபோனில் பேசுவதைக் கேட்டிருக்கிறார்.

"இந்தாங்க, ஃபோன எடுத்ததும் என்ன சொல்லுதீங்கன்னு உங்களுக்குத் தெரியுதா?"

"வணக்கம் சொல்லுதேன்."

"அதுக்கப்புறம்?"

இன்பநாதன் யோசித்தார். அதற்கப்புறம் அவர் சொன்னது, எல்லோரிடமும், முதல் வார்த்தையாக, 'காஹி நாய்'. ஒண்ணுமில்ல தாய், கண்ணை மட்டும் ஒரு தடவை டாக்டர்ட்ட காட்டணும். அது அவருக்கு வணக்கம் மாதிரி, மூச்சு மாதிரி. அண்ணாவே ஒண்ணுமில்லை என்று சொன்ன பிறகு யார் வருவார்கள்?

ஜோஸ்பின் ஒரு அட்டையை எடுத்து, கரும்பலகையில் எழுதுகிற எழுத்தில் மராத்தியில் எழுதினார். 'நான் தப்பு பண்ணிட்டேன். உங்க பிள்ளையோட கண்ணுல ஒண்ணு தெரிஞ்சுது, நான் அத மறைச்சுட்டேன். இந்த வாரமே டாக்டர்ட்ட காட்டணும்.' அதைப் பார்த்து வாசித்தால் போதும், ஒரு எழுத்துகூடச் சொந்தமாகச் சேர்க்கக் கூடாது என்றார்.

"நான் தப்பு பண்ணிட்டேன்னு முதல்லயே சொல்லணுமா?"

"அதச் சொன்னாத்தான் மிச்சத்தக் கேப்பாங்க."

அவர் சொன்னது சரியாக இருந்தது. தப்பு பண்ணிட்டேன் என்று ஒருவர் தானாக ஃபோன் பண்ணிச் சொல்வதைப் புனேயில் யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. வங்கிக் கணக்குத் தர மறுத்த அப்பா அடுத்த நாள் காலையிலேயே மகனைத் தூக்கிக்கொண்டு போனார். சாக்கடைக்காரரும் போனார். அந்த வாரத்தில் பத்துப் பிள்ளைகளை டாக்டர்கள் பார்த்துவிட்டார்கள். ஆறு பேருக்கு எந்தக் குறையும் இல்லை. மூன்று பேருக்குக் கண்ணாடி. ஒரு பெண் குழந்தைக்குப் பிறவியிலேயே புரை, ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். கெசியா இதை ஃபோனில் சொன்னபோது இன்பநாதன் நாற்காலியில் சாய்ந்து, யாரும் கேட்காமலேயே ஒரு குக்கர் விசில் அடித்தார்.

பதினோராவது எண் உபயோகத்தில் இல்லை என்று வந்தது.

சாங்வி பால்வாடி. பெயர் ஓவி. போன வருடம் ஜூனில் முதல் படம், அப்போது இரண்டரை வயது. டிசம்பரில் ஆண்டுவிழாப் படம். இந்த வருடம் ஜூனில் மூன்றாவது. மூன்றிலும் இடது கண். பிரிண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கே தெரிந்தது, வெள்ளை ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பெரிதாகியிருந்தது.

"இவ அம்மா வந்திருக்கா" என்றார் இன்பநாதன்.

"எங்க?" என்று கேட்டேன்.

"இங்க. கடைக்கு."

போன வருடம் மழைக்காலத்தில் வந்தாராம். பெயர் ரூபாலி. பச்சை ரெயின்கோட், தண்ணீர் சொட்டச் சொட்ட. அட்டையில் கண் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் வீட்டில் எடுத்த படத்தில் இப்படித் தெரிகிறதே அண்ணா என்று தன் ஃபோனைக் காட்டியிருக்கிறார். பிறந்தநாள் கேக்குக்குப் பின்னால் ஓவி. இடது கண்ணில் வெள்ளை.

"நான் என்ன சொல்லியிருப்பேன்னு உங்களுக்குத் தெரியும்" என்றார் இன்பநாதன். ஓவியின் பிரிண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "அதோட விட்டேனா? மழையில வந்திருக்காளேன்னு, அந்தப் படத்தயும் வாங்கி, சும்மாவே, கண்ணச் சரி பண்ணிக் குடுத்துட்டேன். ரொம்ப தேங்க்ஸ்னு சொல்லிட்டுப் போனா" என்றார்.

ஜோஸ்பின் அட்டையை அவர் சட்டைப் பையில் வைத்து, "கிளம்புங்க" என்றார்.

இன்பநாதனின் ஸ்கூட்டரில் பின்னால் உட்காருவது எனக்கு எப்போதும் கிலிதான், அவர் வேகமாகப் போகிறவர் என்பதால் அல்ல. இருபதைத் தாண்ட மாட்டார். பின்னால் வருகிற ஒவ்வொரு வண்டியும் எங்களைத் திட்டிவிட்டுத்தான் தாண்டும். அன்று ஐம்பதில் போனார். தாபோடிப் பாலத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

சாங்வி பால்வாடியில் லீலா டீச்சர் பிள்ளைகளுக்கு உப்புமா வைத்துக்கொண்டிருந்தார். அவர் அப்பா சேலம்காரர். டீச்சருக்குத் தமிழ் புரியும், பேசினால் மராத்தி இலக்கணத்தில் வரும். இன்பநாதனைப் பார்த்ததும் பிள்ளைகள் எல்லோரும் ஒன்றாகக் குக்கர் விசில் அடித்தார்கள். அவர் பதிலுக்கு அடிக்கவில்லை. பிரிண்டைக் காட்டி ஓவி எங்கே என்று கேட்டார்.

ஓவியின் குடும்பம் ஆகஸ்டிலேயே ஆகுர்டிக்குப் போய்விட்டது என்றார் லீலா டீச்சர். அப்பாவுக்கு அங்கே வண்டி உதிரிப்பாகத் தொழிற்சாலையில் வேலை கிடைத்ததாம். படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தன் பதிவேட்டில் ஒட்டியிருந்த படத்தையும் எடுத்து வந்து பக்கத்தில் வைத்தார். பதிவேட்டில் ஓவி ஜெரோஷின் கண்ணால் அழகாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, இவ லெஃப்ட் பக்கம் கதவுல இடிச்சுக்குவா" என்றார் டீச்சர் மெதுவாக. "நான் குறும்புன்னு நெனச்சேன். அவ அம்மா கேட்டா, கண்ணு சரியா இருக்கான்னு. நான் இந்தப் படம் காட்டினேன். பாரு, எவ்ளோ நல்லா இருக்குன்னு."

இன்பநாதன் பிள்ளைகளுக்கான குட்டி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். முழங்கால் இரண்டும் தாடை வரை வந்தது. ஒரு பிள்ளை வந்து அவருடைய கேமராப் பையைத் தேடியது. இல்லை என்று தெரிந்ததும் தன் உப்புமாத் தட்டை அவர் மடியில் வைத்துவிட்டுப் போனது.

லீலா டீச்சரிடம் ரூபாலியின் புது எண் இருந்தது. மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்தபோது எழுதிக்கொடுத்ததாம். நான் கெசியாவுக்குச் செய்தி அனுப்பினேன். அன்று மதியமே கண் டாக்டர் பார்ப்பதற்கு ஏற்பாடு செய்வதாகவும், குடும்பம் ஆகுர்டியில் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் தானே அங்கே வந்து கூட்டிப்போவதாகவும் பதில் வந்தது. விலாசம் யாரிடமும் இல்லை. ரூபாலி எடுத்துச் சொன்னால்தான் உண்டு.

இன்பநாதன் எண்ணை அழுத்தினார். நானும் டீச்சரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார். ஏதோ ஒரு ஆரத்திப் பாட்டு ஒலித்தது. முழுவதும் பாடி முடித்து நின்றது. யாரும் எடுக்கவில்லை.

"ரெண்டு மணி வரைக்கும் வேலைல இருப்பா" என்றார் டீச்சர். "நாலு வீட்ல சமையல். ஃபோன் பையில இருக்கும்."

மறுபடி அழுத்தினார். மறுபடி ஆரத்தி. மூன்றாவது தடவை, நான்காவது தடவை. பிள்ளைகளுக்குப் பாட்டு மனப்பாடமாகிவிட்டது, கை தட்ட ஆரம்பித்தார்கள். டீச்சர் அதட்டி உட்கார வைத்தார்.

"நாம ஆகுர்டிக்கே போயிரலாமா?" என்று கேட்டேன்.

"போலாம். போய் எந்தத் தெருவுல நிக்க?" என்றார். எழுந்தார். உப்புமாத் தட்டைப் பத்திரமாக நாற்காலியில் வைத்தார். வாசலுக்கு வந்து ஸ்கூட்டரைக் கிளப்பி, ஆகுர்டி இருக்கிற திசையில் திருப்பி நிறுத்திக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து ஜோஸ்பினின் அட்டையை எடுத்து, கண்ணாடியை ஏற்றி, வேகமானியின் மேல் சாய்த்து வைத்தார். உதடு அசைந்தது. முதல் வார்த்தை வாயில் 'கா' என்று உருவாவது எனக்குத் தெரிந்தது. நிறுத்தினார். தலையை ஆட்டிக்கொண்டார். மறுபடி ஆரம்பித்தார்.

"நான் தப்பு பண்ணிட்டேன்" என்று மராத்தியில், ஒத்திகை பார்ப்பவர்போல, ஸ்கூட்டரிடம் சொன்னார். பிறகு ஃபோனை எடுத்து ஐந்தாவது தடவையாக அழுத்தினார். ஆரத்தி ஒலித்துக்கொண்டிருந்தது.